சின்னச் சிலிண்டரில் காஸ் எடுப்பது: திருகோணமலையில் புதிதாக அடுப்பு வைப்பவர்களுக்கு

கோணேசபுரியில் வாடகை அறை எடுத்த மாணவர், உப்புவெளி விடுதியில் வேலைக்கு வந்தவர், டச்பே கடற்கரையில் மாலைநேரத் தேநீர் வண்டி போட நினைப்பவர் என்று மூன்று பேருக்கும் முதல் வாரத்தில் எழும் கேள்வி ஒன்றுதான்: சின்னச் சிலிண்டரில் காஸ் எங்கே, எப்படி, எவ்வளவு மலிவாக நிரப்பலாம்?

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். நாங்கள் "காஸ் நிரப்புகிறோம்" என்று சொன்னாலும் நடப்பது மாற்றம். வெறும் சிலிண்டரைக் கொடுத்து, நிறுவனத்தின் ஆலையில் நிரப்பி முத்திரையிட்ட இன்னொன்றை எடுத்து வருகிறோம். நீலச் சிலிண்டர் லிட்ரோ நிறுவனத்தினது, மஞ்சள் லாஃப்ஸ் நிறுவனத்தினது. நீலத்தைக் கொடுத்தால் நீலம், மஞ்சளைக் கொடுத்தால் மஞ்சள். ஆகவே முதல் சிலிண்டர் வாங்குவதற்கு முன், உங்கள் தெருவுக்கு அருகில் உள்ள முகவர் எந்த நிறத்தை ஒழுங்காக வைத்திருக்கிறார், சின்ன அளவும் அவரிடம் கிடைக்குமா என்று விசாரியுங்கள். நகரத்தில் இது பெரிய விசயமில்லை. நிலாவெளிக்கு அப்பாலோ மூதூர்ப் பக்கத்துக் கிராமத்திலோ இருப்பவர்களுக்கு இதுதான் முதல் விசயம்.

எந்த அளவு?

லிட்ரோவின் வீட்டுச் சிலிண்டர்கள் 12.5, 5, 2.3 கிலோ என மூன்று அளவில் வருகின்றன. இது உள்ளே இருக்கும் காஸின் எடை. இரும்பின் எடை வேறு.

சாதாரண வீட்டு அடுப்பின் ஒரு பேர்னர் முழுச் சுவாலையில் மணிக்கு ஏறக்குறைய 200 கிராம் எரிக்கும். அப்படியென்றால் 2.3 கிலோ பதினொரு மணி நேரத்துக்கும், 5 கிலோ இருபத்தைந்து மணி நேரத்துக்கும், 12.5 கிலோ அறுபது மணி நேரத்துக்குச் சற்று மேலும் வரும். யாரும் முழுச் சுவாலையிலேயே சமைப்பதில்லை. தனி ஆள் சோறும் ஒரு கறியும் ஒரு வேளைத் தேநீரும் வைத்தால் நாளுக்கு 120 முதல் 150 கிராம் என்று கணக்கிடுங்கள். 2.3 கிலோ இரண்டு வாரத்துக்குச் சற்று மேல் போகும், 5 கிலோ ஒரு மாதத்தைத் தாண்டும். அறையில் இருவர் சேர்ந்து சமைத்தால் 5 கிலோவுக்குக் கீழே போகாதீர்கள். மாற்றப் போகும் ஓட்டோக் கூலியே இலாபத்தைத் தின்றுவிடும்.

பெரிய சிலிண்டரிலிருந்து சின்னதுக்கு ஊற்றினால் மலிவா?

இந்தக் கேள்வியை எல்லோரும் கேட்கிறார்கள், ஊற்றிக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். ஆபத்தைப் பற்றிப் பேசுமுன் காசுக் கணக்கைப் பார்ப்போம், ஏனென்றால் ஆட்கள் இதற்குப் போவதே காசுக்காகத்தான்.

2024 ஜூலையில் அறிவிக்கப்பட்ட லிட்ரோவின் கொழும்பு விலைகளை எடுங்கள்: 12.5 கிலோ 3,690 ரூபாய், 5 கிலோ 1,482 ரூபாய், 2.3 கிலோ 694 ரூபாய். கிலோவுக்குப் பிரித்தால் 295 ரூபாய் 20 சதம், 296 ரூபாய் 40 சதம், ஏறக்குறைய 301 ரூபாய் 70 சதம். பெரியதை வாங்கி 2.3 கிலோவை ஊற்றி எடுத்தால் மிஞ்சுவது பதினைந்து ரூபாய். ஊற்றும்போது இணைப்பிலிருந்து சீறி வெளியே போகும் காஸ் 50 கிராம் ஆனாலே அந்தப் பதினைந்து ரூபாயும் காற்றோடு போய்விடும். விலை ஏறி இறங்கும், கொழும்புக்கு வெளியே போக்குவரத்துச் செலவும் சேரும். நீங்கள் வாங்கும் அன்றைய திருகோணமலை விலையை இதே மாதிரி கிலோவால் பிரித்துப் பாருங்கள்.

இனி ஆபத்து. சிலிண்டருக்குள் இருப்பது புரோப்பேனும் பியூட்டேனும் கலந்த திரவம். ஆலையில் கொள்ளளவின் 80 முதல் 85 வீதம் வரைதான் நிரப்புவார்கள். மேலே உள்ள வெற்றிடம் ஆவிக்கு உரியது. திரவ காஸ் சூட்டில் தண்ணீரை விடப் பல மடங்கு விரிகிறது. காலையில் குளிர்ச்சியான இடத்தில் விளிம்பு வரை ஊற்றிய சிலிண்டர் மத்தியான வெயிலில் தகரக் கொட்டிலுக்குள் இருந்தால், வெற்றிடம் முழுவதையும் திரவமே பிடித்துவிடும். அதன் பிறகு ஏறும் ஒவ்வொரு பாகை வெப்பத்துக்கும் அழுத்தம் பல பார் (ஒரு பார் ஏறக்குறைய வளிமண்டல அழுத்தம்) கூடும். ஆலையில் தராசு வைத்து நிரப்புகிறார்கள். கொல்லைப்புறத்தில் சிலிண்டரைத் தலைகீழாகப் பிடித்து, சத்தத்தைக் கேட்டு "நிறைஞ்சுது" என்கிறார்கள். வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் அது போதும்.

கையடக்க அடுப்புக்கு வரும் 220 கிராம் தகரக் குப்பிகளின் கதை இன்னும் மோசம். இவற்றில் கிலோ விலை பல மடங்கு என்பதால் திரும்ப நிரப்பும் ஆசை அதிகம். பொதுவாக அந்தக் குப்பி பியூட்டேனுக்கென்று, ஒரே தடவைப் பாவனைக்கென்று செய்த மெல்லிய தகரம். 40 பாகை செல்சியஸில் தனிப் பியூட்டேனின் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல நான்கு மடங்குக்கும் குறைவு. தனிப் புரோப்பேனுடையது பதின்மூன்று மடங்குக்கு மேல். வீட்டுச் சிலிண்டரில் இருப்பது இரண்டும் கலந்தது. அதைத் தகரக் குப்பிக்குள் ஏற்றினால் மூட்டுத் தாங்காது, வால்வும் முன்போல இறுகி மூடாது. மார்பிள் பீச்சுக்கு வார இறுதியில் அடுப்புக் கொண்டு போகும் பழக்கம் உங்களுக்கு இருந்தால், குப்பியை மறந்துவிட்டு 2.3 கிலோ சிலிண்டர் ஒன்றை வாங்குங்கள். கிலோ விலையிலேயே முதல் சில மாற்றங்களில் போட்ட காசு திரும்பிவிடும்.

முகவரிடம் மாற்றும்போது

உங்களிடம் இருக்க வேண்டிய முதல் கருவி தராசு. பயணப்பெட்டி தூக்கிப் பார்க்கும் சின்ன மின்தராசு 2.3 கிலோச் சிலிண்டருக்கும் 5 கிலோவுக்கும் போதும். அதுவும் இல்லையென்றால் பக்கத்து மீன் வாடியில் கேட்டால் யாரும் இல்லை என்று சொல்லப் போவதில்லை.

சிலிண்டரின் கழுத்து வளையத்திலோ உடம்பிலோ வெறும் எடை பொறித்திருக்கும். தராசு காட்டும் மொத்த எடையிலிருந்து அதைக் கழித்தால் வருவது காஸ். உதாரணமாக வெறும் எடை 6.4 கிலோ என்று பொறித்த 5 கிலோச் சிலிண்டர் 11.4 காட்ட வேண்டும். முகவரின் கடையிலேயே நிறுத்துக் காட்டச் சொல்லுங்கள். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை, காசு கொடுப்பது எடைக்குத்தான். குறைந்தால் அதை எடுக்காமல் இன்னொன்றைக் கேளுங்கள். குறித்த விலைக்கு மேல் வாங்கினாலோ எடை தொடர்ந்து குறைந்தாலோ நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 இல் முறையிடலாம்.

வெறும் சிலிண்டரையும் கொடுப்பதற்கு முன் நிறுங்கள். இதைப் பெரும்பாலானோர் செய்வதில்லை. சுவாலை சோர்ந்தவுடன் "காஸ் முடிஞ்சுது" என்று தூக்கிக்கொண்டு ஓடினால், உள்ளே மிஞ்சிய 200, 300 கிராமுக்கு யாரும் காசு திருப்பித் தரமாட்டார்கள். சுவாலை சோர்வதற்குப் பேர்னர் அடைப்பும், குழாய் மடிந்திருப்பதும், ரெகுலேட்டர் பழுதும் காரணமாகலாம். தராசு ஒரு நிமிடத்தில் பதில் சொல்லும்.

எடைக்கு அடுத்தது கண். முத்திரை கிழியாமல் இருக்கிறதா? அதைக் கழற்றியதும் வால்வின் வாய்க்குள் பாருங்கள்: ரப்பர் வாஷர் இருக்கிறதா, வெடித்து அல்லது ஒரு பக்கம் கடித்ததுபோல் இருக்கிறதா? புதுச் சிலிண்டர் போட்டவுடன் வரும் கசிவுகளில் கணிசமானவை இந்த ஒரு வாஷரால் வருபவை. வாஷர் சரியில்லை என்றால் அந்தச் சிலிண்டரை எடுக்காதீர்கள். கடையில் கிடந்த ஏதோ ஒரு ரப்பரை நீங்களே வைத்து அடைக்கவும் வேண்டாம்.

பிறகு அடி வளையம். கடற்கரை ஊர் என்பதால் இதைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். உப்புக் காற்று முதலில் தின்பது சிலிண்டரின் வயிறு அல்ல, நிலத்தில் நிற்கும் வளையமும் அது உடம்போடு ஒட்டிய மூலையும்தான். அங்கே ஈரம் தங்கும், மணல் தங்கும், யாரும் குனிந்து பார்ப்பதில்லை. மேல்துரு இருந்தால் பரவாயில்லை. நகத்தால் சுரண்டினால் செதிலாக உதிர்ந்தாலோ, குழி விழுந்திருந்தாலோ, வளையம் நெளிந்து சிலிண்டர் ஆடினாலோ வேண்டாம் என்று சொல்லுங்கள். புதுப் பெயின்ற் பூசிப் பொறித்த எழுத்துகள் மறைந்திருக்கும் சிலிண்டரை, அதுவும் பற்றுச்சீட்டு இல்லாமல் விற்பவரிடம், எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.

வீட்டுக்குக் கொண்டு வருவது

நிமிர்த்தி வையுங்கள். படுத்துக் கிடக்கும் சிலிண்டரில் கசிந்தால் ஆவிக்குப் பதிலாகத் திரவமே வெளியேறும். ஒரு லீற்றர் திரவம் ஏறக்குறைய 250 லீற்றர் ஆவியாக விரியும். ஓட்டோ நல்லது, பக்கம் திறந்திருக்கிறது. காரின் டிக்கி கூடாது. பஸ்ஸில் கொண்டு போகாதீர்கள், வெறும் சிலிண்டர் என்றாலும்கூட: வெறும் என்று நாம் சொல்லும் சிலிண்டரில் ஆவி எப்போதும் இருக்கும். வழியில் நின்று வெயிலில் வாகனத்துக்குள் பூட்டி வைத்துவிட்டுச் சந்தைக்குள் போகவும் வேண்டாம்.

பொருத்துவது

ரெகுலேட்டரை முகவரிடம் சிலிண்டரைக் காட்டியே வாங்குங்கள். இரவல் ரெகுலேட்டர், "கொஞ்சம் அழுத்தினால் ஏறும்" ரெகுலேட்டர் இரண்டும் வேண்டாம். குழாய் ஒன்றரை மீற்றருக்கு மேல் போகக் கூடாது. இரண்டு முனையிலும் திருகி இறுக்கும் கிளிப் இருக்க வேண்டும். கம்பி சுற்றி முறுக்கினால் அது குழாயை வெட்டும். குழாயை இரண்டு வருடத்துக்கு ஒரு தடவையும் ரெகுலேட்டரை ஐந்து வருடத்துக்கு ஒரு தடவையும் மாற்றுங்கள். கடலுக்கு ஒரு கிலோமீற்றருக்குள் இருந்தால் கிளிப் அதற்கும் முன்பே துருப்பிடிக்கும். துருவைக் கண்ட அன்றே மாற்றுங்கள், அதன் விலை ஒரு பிளேன்டீக்குக் கிட்டத்தான் வரும்.

1. குசினியில் எரியும் எல்லாவற்றையும் அணையுங்கள்: பக்கத்து மண்ணெண்ணெய் அடுப்பு, சாம்பிராணி, நுளம்புத்திரி, சாமி விளக்கு உட்பட. கதவையும் யன்னலையும் திறவுங்கள்.

2. அடுப்பின் திருகிகள் மூடியிருக்கின்றனவா என்று பாருங்கள். ரெகுலேட்டரின் திருகி மூடிய நிலையில் இருக்க வேண்டும்.

3. முத்திரையைக் கழற்றி, வாஷரைப் பார்த்து, வால்வின் வாயில் மணல் இருந்தால் உலர்ந்த துணியால் துடையுங்கள். ஊதாதீர்கள், ஆணியால் கிண்டாதீர்கள்.

4. ரெகுலேட்டரை நேராக வைத்து அழுத்துங்கள். "டிக்" என்று உட்கார வேண்டும். பிறகு மெல்ல மேலே இழுத்துப் பாருங்கள். கழன்று வந்தால் அது உட்காரவில்லை.

5. ஒரு தம்ளர் தண்ணீரில் ஒரு கரண்டி பாத்திரம் கழுவும் சவர்க்காரத் திரவத்தைக் கரையுங்கள். ரெகுலேட்டரைத் திறந்து, அடுப்பைத் திறக்காமல், வால்வு மூட்டு, குழாயின் இரு முனை, குழாய் வளையும் இடம், அடுப்பின் நுழைவாய் எல்லாவற்றிலும் நுரையைத் தடவி இரண்டு நிமிடம் பாருங்கள். குமிழி வளர்ந்தால் கசிவு. நெருப்புக்குச்சியால் சோதிப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அவர்களைச் சிலிண்டருக்குக் கிட்ட விடாதீர்கள்.

6. குமிழி இல்லையென்றால் மட்டும் அடுப்பைப் பற்றவையுங்கள். முதலில் தீக்குச்சி, பிறகு திருகி.

இந்தச் சோதனையை ஒவ்வொரு மாற்றத்திலும் செய்யுங்கள். 2021 நவம்பர், டிசம்பரில் நாடெங்கும் அடுத்தடுத்துக் காஸ் வெடிப்புகள் நடந்ததும், புரோப்பேன்-பியூட்டேன் கலவை விகிதம் பெரிய சர்ச்சையானதும் ஞாபகமிருக்கலாம். புரோப்பேன் கூடினால் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும். நேற்றுவரை கசியாத தளர்ந்த மூட்டு இன்று கசியும். கலவையை நாங்கள் வீட்டில் அளக்க முடியாது. மூட்டைச் சோதிக்க முடியும்.

வைக்கும் இடம்

காஸ் காற்றை விடக் கனம். கசிந்தால் மேலே போகாது, நிலத்தோடு படர்ந்து பள்ளத்தைத் தேடும். காற்றில் இரண்டு வீதம் கலந்தாலே பற்றக்கூடும். 3 மீற்றர் நீளமும் அகலமும் உள்ள அறையில் நிலத்திலிருந்து ஒரு முழத்துக்கும் குறைவான உயரத்துக்கு அந்த இரண்டு வீதம் சேர, நூறு கிராமுக்குச் சற்று மேற்பட்ட காஸ் போதும். பற்றவைக்காமல் திறந்து விட்ட ஒரு பேர்னர் அதை ஏறக்குறைய அரை மணி நேரத்தில் விட்டுவிடும். அதனால்தான் உயரத்து யன்னல் மட்டும் உள்ள அறை போதாது. கதவின் கீழ் இடைவெளி, அல்லது நிலமட்டத்தில் ஒரு காற்றுத் துவாரம் வேண்டும். கட்டிலுக்குக் கீழே, மூடிய அலுமாரிக்குள், படிக்கட்டின் அடியில் வைப்பதெல்லாம் இந்தக் காரணத்தால்தான் கூடாது.

அடுப்பு மேசையில், சிலிண்டர் நிலத்தில், பக்கத்தில். சீமெந்துத் தரையில் நேரே வைக்காமல் ஒரு பலகைத் துண்டின்மேல் வையுங்கள். கழுவும் தண்ணீர் அடி வளையத்தில் தேங்காது. இரவில் படுக்கப் போகும்போது ரெகுலேட்டரை மூடுங்கள். அடுப்பின் திருகியை மூடினால் போதாதா என்றால், போதாது: எலி கடிப்பது குழாயை.

மலிவு உண்மையில் எங்கே இருக்கிறது

மேலே சொன்ன ஊற்றலில் பதினைந்து ரூபாயைத் தேடுவதை விட, சட்டியைப் பாருங்கள். ஒரு லீற்றர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறக்குறைய 15 கிராம் காஸ் செலவாகும். மேலே எடுத்த விலையில் நாலு ரூபாய்க்குச் சற்று மேல். அதே லீற்றரைக் கொதிக்க விட்டு முழுதும் ஆவியாக்கினால் இன்னும் 100 கிராமுக்கு மேல் போகும், முப்பது ரூபாய்க்கும் மேலே. கொதித்த பிறகு முழுச் சுவாலையில் வைத்தால் சோறு வேகமாக வேகாது. தண்ணீர் கொதிக்கும் சூடு ஒன்றுதான், மிச்ச நெருப்பு ஆவியாகப் போகிறது. ஆகவே கொதித்தவுடன் சுவாலையைக் குறையுங்கள், மூடியைப் போடுங்கள். பருப்பு, கடலை, கௌபி எல்லாம் முதல் நாள் இரவே ஊறட்டும். சுவாலை சட்டியின் அடியைத் தாண்டிப் பக்கத்தில் ஏறினால் அது சட்டிக்கல்ல, குசினிக்குச் சூடு.

சுவாலை நீலமாக இருக்க வேண்டும். மஞ்சளாகிக் கரி பிடித்தால் காற்று போதவில்லை: பேர்னர் மூடியின் துவாரங்களை ஊசியால் சுத்தம் செய்து, குழல் வாயில் சிலந்திக் கூடு இருக்கிறதா என்று பாருங்கள். இது காசு நட்டம் மட்டுமல்ல. மூடிய அறையில் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவும் வரும்.

வைகாசி தொடங்கி வீசும் கச்சான் காற்று கடற்கரை வண்டிக்காரர்களின் காஸைப் பாதி தின்னும். மூன்று பக்கமும் தகரத் தடுப்பு வையுங்கள், ஆனால் அடுப்புக்கு மட்டும். சிலிண்டரையும் உள்ளே வைத்து மறைத்தால் அடுப்பின் சூடு அதற்கும் ஏறும். இன்னொன்று கொத்துக் கடைகளில் அடிக்கடி நடப்பது: பெரிய பேர்னரைச் சின்னச் சிலிண்டரில் போட்டு அடித்தால், உள்ளே திரவம் வேகமாக ஆவியாவதால் சிலிண்டர் குளிர்ந்து வியர்க்கும், சுவாலை விழும். உடனே சுடுதண்ணீர் ஊற்றுவார்கள், அல்லது சிலிண்டரைச் சரித்து வைப்பார்கள். சரித்தால் திரவம் ரெகுலேட்டருக்குள் போகும். அடுப்பில் சுவாலை ஆள் உயரத்துக்கு எழும்பும். வழி ஒன்றுதான்: அந்தப் பேர்னருக்குப் பெரிய சிலிண்டர்.

மணம் வந்தால்

அந்த நாற்றம் காஸுடையதல்ல, கசிவைக் காட்டவென்றே சேர்த்தது. ரெகுலேட்டரை மூடுங்கள், கதவு யன்னலைத் திறவுங்கள், ஆட்களை வெளியேற்றுங்கள். சுவிட்ச் எதையும் போடவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம், ஃபேன் உட்பட. கைத்தொலைபேசியை வெளியே வந்து எடுங்கள்: தீயணைப்புக்கு 110, அம்புலன்சுக்கு 1990. கசியும் சிலிண்டரைத் தூக்க முடிந்தால் நிமிர்த்தியபடியே திறந்த வெளிக்கு, கிணறு கான் இல்லாத பக்கத்துக்குக் கொண்டு போங்கள்.

வால்வில் நெருப்புப் பிடித்துவிட்டால், ரெகுலேட்டரை எட்டி மூட முடியுமா என்று பாருங்கள். நனைத்த சாக்கைக் கையில் சுற்றிக்கொண்டு மூடலாம். மூட முடியாவிட்டால் சுவாலையை அணைக்க முயலாமல் விலகுங்கள். எரிந்து போகும் காஸை விட, அணைந்தும் கசிந்துகொண்டே இருக்கும் காஸ் ஆபத்து.

படகிலும் மழையிலும்

கொட்பே மீன்பிடித் துறைமுகத்திலிருந்து பலநாள் படகில் போகிறவர்களுக்கு மேலே சொன்ன எல்லாமும் இரட்டிப்பாகப் பொருந்தும், ஏனென்றால் படகின் அடித்தளம் காஸ் தேங்கவென்றே கட்டிய தொட்டி மாதிரி. சிலிண்டர் மேல்தளத்தில், கட்டப்பட்டு, கசிந்தால் கடலுக்குள் வடியும் இடத்தில் நிற்க வேண்டும். எஞ்சின் அறைக்குப் பக்கத்தில் ஒருபோதும் இல்லை.

கார்த்திகை, மார்கழி மாரியில் தாழ்ந்த வீதிகளில் வெள்ளம் நின்றால் காஸ் லொறி தாமதமாகும்; ஐப்பசி முடிவதற்குள் ஒரு மாற்றம் முன்கூட்டியே எடுத்து வையுங்கள். வீட்டுக்குள் தண்ணீர் வருமென்று தெரிந்தால் ரெகுலேட்டரைக் கழற்றி உயரத்தில் வைத்து, வால்வுக்கு மூடி போட்டு, சிலிண்டரைத் தூணோடு கட்டுங்கள். அது மிதக்கும், வெறும் சிலிண்டர் முதல் ஆளாக வாசலைத் தாண்டும். ரெகுலேட்டருக்குள் வெள்ளத் தண்ணீர் போயிருந்தால் காயவைத்துப் பாவிக்காமல் புதிதாக வாங்குங்கள், குழாயும் அப்படியே.